த்ரோபால் பெண்களுக்கு, வாலிபால் ஆண்களுக்கு என்று பிரித்தது யார்?

கேள்வி இது: "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருக்கிறாள். என் அம்மா, 'அது ஆம்பளப் பிள்ளைங்க விளையாட்டு, ஷட்டில் விளையாடச் சொல்லு' என்கிறார். ஒரு விளையாட்டை ஆணுக்கு, இன்னொன்றைப் பெண்ணுக்கு என்று பார்ப்பதற்கு உடல் சார்ந்த அடிப்படை ஏதாவது உண்டா, அல்லது வெறும் பழக்கம்தானா?"

உங்கள் அம்மா எத்தனையோ விளையாட்டுகளில் ஷட்டிலைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாரே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஷட்டில் லேசான விளையாட்டு என்பதாலா சொன்னார்? ஒரு மணி நேரம் ஒழுங்காக ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழங்காலும் தோளும் எப்படிக் கெஞ்சும் என்று. சிந்து ஆடுவதைப் பார்த்த யாரும் அதை லேசான விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அது பெண்ணுக்கு ஏற்றது என்று உங்கள் அம்மாவுக்குத் தோன்றுகிறது. என் அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம், நடுவில் ஒரு வலை இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்பவர் இந்தப் பக்கம் வர முடியாது. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. கையில் எடையில்லாத மட்டை, அடிப்பது இறகுப் பந்து.

நான் 26 வருடம் அரசுப் பள்ளிகளில் பி.டி. டீச்சராக வேலை பார்த்தவள். நான் பார்த்த பள்ளிகளில் எல்லாம் மைதானம் ஒரே மாதிரிதான் பிரிந்து கிடந்தது. பெரிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ ஆடுவார்கள். கட்டடத்தை ஒட்டி, மரத்தடியில் வலை கட்டிய மூலையில் பெண் பிள்ளைகள் த்ரோபால், ரிங், ஷட்டில் ஆடுவார்கள். இப்படி ஆட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் போய் நின்றுகொள்வார்கள். ஆறாம் வகுப்பில் சேரும்போதே அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

இதைப் பற்றி 1965-ல் எலினார் மெத்தனி என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியை எழுதியிருக்கிறார். கல்லூரிப் பெண்கள் எந்த விளையாட்டை ஆடினால் சமூகம் ஏற்றுக்கொள்கிறது, எதை ஆடினால் முகம் சுளிக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். எதிராளியைக் கட்டிப் பிடித்து அடக்குவது, கனமான பொருளைத் தூக்குவது அல்லது எறிவது, உடம்பையே வெகுதூரம் வெகுநேரம் வீசி ஓடுவது, இவையெல்லாம் சுளிப்புக்கு உரியவை. பார்க்க அழகாக உடம்பை அசைப்பது, லேசான கருவியைப் பயன்படுத்துவது, எதிராளிக்கும் தனக்கும் நடுவில் தடுப்பு இருப்பது, இவை ஏற்புக்கு உரியவை. 1965-ல் அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்து அவர் எழுதியது என் பள்ளி மைதானத்துக்கு அச்சாகப் பொருந்தியதைக் கண்டு நான் திகைத்துப்போனேன். மல்யுத்தம் ஒரு கோடியில், டென்னிஸ் மறுகோடியில். நம் ஊரில் கபடி ஒரு கோடியில், ஷட்டில் மறுகோடியில்.

ஆகவே ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் அளந்து பார்த்து ஆண், பெண் முத்திரை குத்துவதில்லை. அந்த விளையாட்டில் உடம்பு என்ன செய்வதாக வெளியே தெரிகிறது என்பதுதான் கணக்கு. பிடிக்கிறதா, விழுகிறதா, புரள்கிறதா, கத்துகிறதா என்று பார்க்கிறார்கள்.

த்ரோபாலையும் வாலிபாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வலை உண்டு, பந்து உண்டு, அணி உண்டு. வாலிபாலில் பந்தை அடிக்க வேண்டும், குதித்து அறைய வேண்டும், தரையில் பாய்ந்து எடுக்க வேண்டும். த்ரோபாலில் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். நம் ஊர்களில் சாயங்காலம் குழல்விளக்கு கட்டி வாலிபால் ஆடுபவர்கள் வாலிபர்கள். த்ரோபால் என்றால் பெண்கள் பள்ளி. ஆனால் வாலிபால் பிறந்த கதை வேறு மாதிரி. 1895-ல் வில்லியம் மார்கன் என்பவர் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வரும் நடுவயது வியாபாரிகளுக்காக அதை உருவாக்கினார். பாஸ்கெட்பாலில் இடித்துப் பிடித்து ஓட முடியாதவர்கள் மூச்சு வாங்காமல் ஆட வேண்டும் என்பதுதான் நோக்கம். மென்மையான விளையாட்டு என்று பிறந்தது, நம் ஊருக்கு வந்து இளைஞர்களின் வீர விளையாட்டாக ஆகிவிட்டது.

அந்த பாஸ்கெட்பாலின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அமெரிக்காவின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை தன் மாணவிகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியை விட்டு வெளியே ஓடக் கூடாது, எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. இந்த வகை ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் அங்கே நெட்பால் ஆனது. இன்றைக்கும் நெட்பாலில் பந்தை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது, தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் எல்லை உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார்களோ, அது அப்படியே விதிப் புத்தகமாக உறைந்திருக்கிறது. வலை இல்லாத இடத்தில் விதியே வலை ஆனது.

பிரிட்டிஷ் பள்ளிகள் போன இடமெல்லாம் நெட்பாலும் போனது. இலங்கையில் அதற்கு வலைப்பந்து என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிகளில் அது முக்கியமான விளையாட்டு. அங்கிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம், 2 மீட்டரும் 8 சென்டிமீட்டரும் உயரம். 2009-லும் 2018-லும் இலங்கை ஆசிய சாம்பியன் ஆனபோது கோல் போட்டவர் அவர். கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நெட்பாலைப் பார்த்ததுகூட இல்லை. இங்கே அந்த இடத்தில் த்ரோபால் இருக்கிறது. எது பெண்கள் விளையாட்டு என்பது அந்தந்த ஊரில் யார் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்பதையும் பொறுத்ததுதான்.

ஒரே விளையாட்டு நாட்டுக்கு நாடு பால் மாறுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சான்று. ஹாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஹாக்கி என்றால் தியான்சந்த், எட்டு ஒலிம்பிக் தங்கம், மீசை முறுக்கிய தேசப் பெருமை. அமெரிக்காவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவது; நம் மைதான ஹாக்கி மட்டையோடு ஒரு பையன் போனால் பெண்கள் விளையாட்டை ஆடுகிறான் என்பார்கள். 1901-ல் கான்ஸ்டன்ஸ் ஆப்பில்பி என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே போய்ப் பெண்கள் கல்லூரிகளில் அதை அறிமுகப்படுத்தினார். அதோடு அது பெண்களுடையது ஆகிவிட்டது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அமெரிக்க ஆண்களை 24-1 என்று தோற்கடித்தார்கள். அந்த ஸ்கோரில் இந்தக் கதையும் இருக்கிறது. அதே மட்டை, அதே பந்து, அதே மனித உடம்பு. முதலில் யார் கையில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

கால்பந்து இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் ஆண்மையின் அடையாளமாக அமெரிக்கன் ஃபுட்பால் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. எனவே நாம் ஃபுட்பால் என்று சொல்கிற விளையாட்டை அங்கே யாரும் ஆண்களுக்கென்று பட்டா போட்டு வைத்திருக்கவில்லை. 1972-ல் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் பெண்களுக்கு அணிகள் அமைக்க வேண்டி வந்தபோது கால்பந்து காலியாகக் கிடந்தது. பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். 1991-ல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றது. 1999 இறுதிப் போட்டியை மைதானத்தில் பார்த்தவர்கள் 90,185 பேர்.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கால்பந்து ஆடத் தொடங்கினார்கள். பிரெஸ்டன் நகரத்தின் டிக் கெர் தொழிற்சாலை அணி அவற்றில் புகழ்பெற்றது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். வசூல் எல்லாம் தர்ம காரியங்களுக்குப் போனது. ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று ஆங்கிலேயக் கால்பந்து சங்கம், கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமற்றது என்று தீர்மானம் போட்டு, தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை விதித்தது. தடை விலக சுமார் 50 வருடம் ஆனது. மேற்கு ஜெர்மனி 1955 முதல் 1970 வரை தடுத்தது. பிரேசில் 1941 முதல் 1979 வரை சட்டம் போட்டே தடுத்தது. கால்பந்தைத் தாய்ப்பாலோடு குடிக்கிற நாடு அது!

பெண்களால் ஆட முடியாது என்றால் தடை எதற்கு? முடியாத ஒன்றை யாரும் தீர்மானம் போட்டுத் தடுப்பதில்லை. 50 வருடம் ஆட விடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு "பாருங்கள், பெண்கள் கால்பந்தில் விறுவிறுப்பே இல்லை" என்று சொன்ன வாய்களும் உண்டு. "இது ஆம்பளைங்க விளையாட்டு" என்பது பல இடங்களில் இப்படி விரட்டிவிட்டு எழுதிய வாசகம்தான். உங்கள் அம்மாவின் வாயில் அது இயற்கையாக வருகிறதென்றால், அவர் தவறல்ல. அவருக்கு முன்னால் இரண்டு மூன்று தலைமுறை காலியான மைதானத்தைத்தான் பார்த்திருக்கிறது.

நம் இலக்கியத்தைத் திறந்தால் பந்து யார் கையில் இருக்கிறது தெரியுமா? பெண்கள் கையில். திருப்பாவையில் நப்பின்னையை ஆண்டாள் அழைக்கும்போது "பந்தார் விரலி" என்கிறாள். பந்து பொருந்திய விரல்களை உடையவள் என்று பொருள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி தெருவில் பந்தடித்துக்கொண்டு வருவதைக் கவிஞர் எவ்வளவு உற்சாகத்தோடு பாடுகிறார்! சந்தமே துள்ளுகிறது. கழங்கும் பந்தும் ஊசலும் மகளிர் விளையாட்டு. ஏறு தழுவுதல் ஆயர் இளைஞரின் விளையாட்டு. கலித்தொகையில், கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவமாட்டாள் என்று வருகிறது. அன்றைக்கும் பிரிவினை இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பந்தாட்டத்தைப் பாடியவர்களின் கண் பெரும்பாலும் ஆண் கண்தான், வளையலையும் இடையையும் பார்த்த கண் என்பதும் உண்மை. ஆனாலும் பந்து பெண்ணுடையதாக இருந்தது. இன்று கிராமத்துத் தெருவில் பந்தோடு நிற்கும் 15 வயதுப் பெண்ணை "வீட்டுக்குள்ள போ" என்று விரட்டுகிறோம்.

இப்போது உடலுக்கு வருகிறேன். அதை மழுப்பக் கூடாது. பருவமடைந்த பிறகு சராசரியாக ஆண் உடம்புக்கு ஓட்டத்தில், தூக்குவதில், எறிவதில் கூடுதல் திறன் வருகிறது. 100 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 9.58 வினாடி, பெண்கள் சாதனை 10.49. சுமார் 9 முதல் 10 சதவீத இடைவெளி. மேலுடம்பு பலத்தில் இடைவெளி இன்னும் அதிகம். அதனால்தான் போட்டிகளைத் தனித்தனியாக நடத்துகிறோம், அது நியாயம். ஆனால் இந்த இடைவெளி டென்னிஸிலும் உண்டு, நீச்சலிலும் உண்டு, ஷட்டிலிலும் உண்டு. அவற்றை யாரும் ஆண்கள் விளையாட்டு என்று சொல்வதில்லை. தனித்தனியே போட்டி வைப்பதற்கு உடல் காரணம் ஆகலாம். எந்த விளையாட்டில் இறங்கலாம் என்று முடிவு செய்வதற்கு அது காரணம் ஆகாது. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

உடல் வித்தியாசம் பெரிதாக இல்லாத இடங்களிலும் முத்திரை விழுகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் துப்பாக்கி சுடுதலில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்டார்கள். தங்கம் வென்றவர் சீனாவின் ஷாங் ஷான், ஒரு பெண். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்று ஆனது. பெண்களுக்கான ஸ்கீட் 2000-ல்தான் வந்தது. பட்டம் வென்றவர் 1996-ல் தன் பட்டத்தைக் காத்துக்கொள்ள இறங்கக்கூட முடியவில்லை.

கேரம் இன்னும் பக்கத்து உதாரணம். வீட்டுக் கூடத்தில் பவுடர் தூவி அண்ணன் தங்கை அத்தை எல்லோரும் ஆடுவார்கள். அதே பலகை வட சென்னையில் தெருமுனை கேரம் மன்றத்துக்குப் போனதும் அது ஆண்கள் இடம். பலகை மாறவில்லை, காய் மாறவில்லை, இடம் மாறியதும் விளையாட்டின் பால் மாறிவிட்டது. அந்த வட சென்னையிலிருந்துதான் இளவழகியும் பிறகு காசிமாவும் போய் உலகப் பட்டம் வென்றார்கள். சதுரங்கத்தில் கனமான பொருளே கிடையாது, ஆனாலும் போட்டி அரங்கில் பெண்கள் எண்ணிக்கை வெகு குறைவு. சென்னையின் வைஷாலி 2023-ல் சர்வதேசத் தரப்புள்ளியில் 2500-ஐத் தாண்டியபோது, அந்த உயரத்துக்குப் போன மூன்றாவது இந்தியப் பெண் அவர். அக்கா ஆடத் தொடங்கியதைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். வீட்டில் இருவரையும் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் நான் இதில் கவனிக்கிறேன்.

கனம் தூக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளுதூக்குதல் பெண்ணுக்கு ஆகாது, உள்ளே ஏதாவது ஆகிவிடும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டும் என்று பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன அம்மாக்களில் பலர் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் சுமந்து வந்தவர்கள். விறகுக் கட்டு தூக்கியவர்கள், சித்தாள் வேலைக்குப் போய்க் கல் சுமந்தவர்கள், நிறைமாதத்தில் நாற்று நட்டவர்கள். பெண் சுமக்கிற எடை வேலை என்றால் கண்ணில் படுவதில்லை. விளையாட்டு என்றால் மட்டும் கர்ப்பப்பை நினைவுக்கு வருகிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்கள் பளுதூக்குதலே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண், "ஆம்பளைங்க விளையாட்டு" ஒன்றில்தான் வாங்கினார்.

வலிமையான பெண்ணுக்கு இந்தப் பார்வை வைக்கும் விலையும் உண்டு. அவள் நன்றாக ஆடினால் "ஆம்பள மாதிரி ஆடுறா" என்று பாராட்டுவோம். ரொம்ப நன்றாக ஆடினால் பாராட்டு சந்தேகமாக மாறும். 1968 முதல் 1990-களின் இறுதி வரை ஒலிம்பிக்கில் பெண்கள் தாங்கள் பெண்கள்தான் என்று பரிசோதனையில் நிரூபிக்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்தர்ராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பேச்சானது. யார் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்ற கேள்வி கடினமானது, இன்றுவரை உலகம் அதில் தடுமாறுகிறது. ஆனால் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த பெற்றோரின் மகள் ஒருத்தியை அவ்வளவு பேர் முன்னால் நிறுத்திக் கூனிக் குறுக வைத்ததற்கு எந்தக் காரணமும் போதாது. அவர் திரும்ப எழுந்து பயிற்சியாளர் ஆனார். இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

பையன்கள் கதையைப் பேசாமல் விட முடியாது. பெண் கபடி ஆடினால் இன்று ஓரளவு கைதட்டல் கிடைக்கிறது. பையன் ரிங் ஆடினால், கோலாட்டத்தில் சேர்ந்தால் கிடைக்கும் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. என் மாணவன் ஒருவன் த்ரோபாலில் அவ்வளவு துல்லியமாக எறிவான். மூன்று நாள் கேலிக்குப் பிறகு மைதானத்துக்கே வராமல் போனான். கேலியை நான் சரியாகத் தடுக்கவில்லை. உலக அளவிலும் இதே நிலைதான். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒலிம்பிக்கில் இன்றும் பெண்களுக்கு மட்டும். கலை நீச்சலில் 2024 பாரிஸில் முதன்முறையாக ஆண்களுக்கு அனுமதி தந்தார்கள், ஒரு நாடும் ஆணைச் சேர்க்கவில்லை. வெளியே இருந்து பெண் நுழைய முட்டும்போது கதவு மெதுவாகவாவது திறக்கிறது. ஆண் பெண்கள் பக்கம் போக நினைத்தால் அவனைத் தடுப்பது அவன் நண்பர்களே.

சரி, உங்கள் மகளின் கபடிக்கு வருவோம். மெத்தனியின் கணக்குப்படி கபடியில் எல்லாமே "தவறு". வலை இல்லை. கட்டிப் பிடிக்க வேண்டும், கணுக்காலைப் பிடித்து இழுக்க வேண்டும், நான்கு பேர் மேலே விழுவார்கள். பழைய சடுகுடுவில் பாடிப் போகும் பாட்டே "நாந்தான்டா ஒங்கொப்பன் நல்லமுத்துப் பேரன்" என்று மீசை முறுக்கும். அந்தப் பாட்டை ஒரு பெண் எப்படிப் பாடுவாள்? போட்டி விதிகள் வந்து எல்லோரும் "கபடி கபடி" என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஆனதில், ஆண் அல்லாதவர்களுக்கும் நாக்கில் இடம் கிடைத்தது என்று நான் நினைப்பதுண்டு.

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-ல் சேர்ந்தது. பெண்கள் கபடி 20 வருடம் காத்திருந்து 2010-ல் சேர்ந்தது. 2010-லும் 2014-லும் நம் பெண்கள் தங்கம் வென்றார்கள். 2018-ல் ஜகார்த்தாவில் அவர்களை வீழ்த்தியது யார் தெரியுமா? தலையை மூடி, முழுக்கை உடை போட்டு ஆடிய ஈரான் பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷைலஜா ஜெயின், மகாராஷ்டிரத்துப் பெண்மணி. "டிராயர் போட்டுக்கிட்டு ஆடணுமே" என்று தயங்கிய தாய்மாரிடம் நான் அந்த ஈரான் அணியைப் பற்றித்தான் சொல்வேன். கால் மூடிய உடையோடு ஆடலாம், ஆடுகிறார்கள். உடை என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோது அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்களின் பகுதி அது. அங்கே இன்று பெண் பிள்ளைகள் கபடி ஆடுவது யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை.

என் அனுபவத்தில் இந்தப் பார்வையை வாதம் மாற்றியதில்லை. "ஏன் டீச்சர், பொம்பளப் பிள்ளையப் போயி மண்ணுல பெரட்டுறீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்த ஒரு அப்பாவுக்கு நான் சொன்ன எந்தப் பதிலும் ஏறவில்லை. அவர் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கபடி வழியாக ரயில்வேயில் வேலை கிடைத்தது. மறுவாரம் தன் இரண்டாவது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறை, ரயில்வே அணிகள் இருக்கின்றன. ஒரு சம்பளச் சீட்டு வீட்டுக்குள் வந்தால் விளையாட்டின் பால் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழை வீட்டில் மதிப்பு அப்படித்தான் வரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆணா பெண்ணா என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு சில கேள்விகளைப் பள்ளியில் போய்க் கேளுங்கள். மேட் (மெத்தை விரிப்பு) போட்டு ஆடுகிறார்களா, மண்ணிலா? மண் என்றால் கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்திருக்கிறார்களா? பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா? வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட வருபவர் யார்? உடை மாற்ற அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் உண்டா? பெண் பிள்ளைகள் எட்டு, ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தை விட்டுப் போவதற்கு நான் கண்ட முதல் காரணம் கழிப்பறை. "ஆம்பள விளையாட்டு" என்ற பேச்சு அதற்கு அடுத்துத்தான். இன்னொன்று, முழங்கால். திடீரென்று திரும்பி நிற்கும் விளையாட்டுகளில் பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். மருத்துவத்தில் நன்கு பதிவான விஷயம் இது. குதித்து இறங்கும் முறை, தொடைத் தசைப் பயிற்சி, ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, இவற்றைப் பயிற்சியாளர் செய்ய வைக்கிறாரா என்று பாருங்கள். ஆடாமல் இருப்பதற்கு இது காரணம் அல்ல, சரியாகப் பழகுவதற்குக் காரணம்.

உங்கள் அம்மாவோடு வாதம் செய்ய வேண்டாம். சின்ன வயதில் அவர் என்ன விளையாடினார் என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். பாண்டி, சொட்டாங்கல், பல்லாங்குழி என்று தொடங்குவார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், வயசுக்கு வருவதற்கு முன்னால் அண்ணன்களோடு கண்மாய்க்கரையில் கிட்டிப்புள் அடித்ததும் சடுகுடுவில் யாருடைய சட்டையையோ கிழித்ததும் வெளியே வரலாம். நான் கேட்ட பாட்டிகளில் பாதிப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. அடுத்த மேட்ச் எப்போது என்று விசாரித்து, அவருக்கு ஒரு நாற்காலியும் எடுத்துக்கொண்டு போங்கள்.